ஒரு தடவை சொன்ன கிளியர்

அகராதி அலுவலகத்தில் ஆங்கில எழுத்துகளைப் பங்கு பிரித்தபோது மூன்றாம் எழுத்தான 'சி' அவளுக்கு விழுந்தது. "அதுல ஒரு சொல்ல மட்டும் நான் எழுதிடறேம்மா" என்றார் தலைமை ஆசிரியர். எந்தச் சொல் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வேண்டாம் சார். அது எனக்கு வேணும்" என்றாள்.

'கிளியர்' என்ற அந்த வினைச்சொல்தான் அவள் தம்பியைக் கொன்றது.

தம்பி ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தைச் சுத்தம் செய்கிறவன். அங்கே சூப்பர்வைசர் அவள் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. "கிளியர், கிளியர்!" என்று இரண்டு தடவை கத்தினால், எல்லாரும் தள்ளிப் போங்கள் என்று அர்த்தம். ஒரே தடவை "கிளியர்" என்றால், பார்த்துவிட்டேன், உள்ளே யாருமில்லை, பட்டனை அழுத்தலாம். அன்று கணவர் தன் அறை வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். ஆபரேட்டர் பட்டனை அழுத்தினார். இயந்திரத்தின் தொட்டிக்குள் இறங்கி, அடியில் ஒட்டிய மாவைத் தம்பி சுரண்டிக்கொண்டிருந்தான்.

"தள்ளிப் போகச் சொல்லி ரெண்டு தடவ கத்தினேன்" என்று கணவர் விசாரணையில் சொன்னார். "ஒரே தடவதான் சார்" என்று ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகிறவன் பேச்சு யார் காதில் ஏறும்? ஆபரேட்டரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கணவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "எல்லாம் கிளியர்" என்றார். அந்த வார்த்தையை அவள் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அகராதிப் புரூஃப் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உரக்க வாசிப்பார். அவள் கைப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். தன் உச்சரிப்பில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டில் மற்ற பேச்செல்லாம் அற்றுப்போன பிறகும் இது மட்டும் நிற்கவில்லை.

"கிளியர்" என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"வாசிங்க."

"வேர், லத்தீன். வெளிச்சமான, குரலானால், தெளிவாகக் கேட்கிற. ஒன்று, இருப்பதை அகற்று. மேசையைக் கிளியர் செய்தாள். இரண்டு, விலகு, இடத்தை விட்டுப் போ. மூன்று, தொடாமல் தாண்டு. குதிரை வேலியைக் கிளியர் செய்தது. நான்கு, குற்றமற்றவர் என்று விடுவி." தொண்டையைச் செருமினார். "இதுக்கு உதாரணம் போடலயா?"

"கீழ குறிப்புல இருக்கு."

"குறிப்பு. தொழிற்சாலைகளில் இருமுறை சொன்னால் விலகச் சொல்லும் கட்டளை. ஒருமுறை சொன்னால் ஆளில்லை என்ற உறுதி. உதாரணம், மேற்பார்வையாளர் எட்டிப் பார்க்காமலே..."

நிறுத்திவிட்டார்.

"முழுசா வாசிங்க. ஒரு எழுத்து விட்டாலும் பிழைதான்."

"...எட்டிப் பார்க்காமலே ஒருமுறை கிளியர் என்றார். உள்ளே அவர் மைத்துனன் இருந்தான். விசாரணை அவரைக் கிளியர் செய்தது." தாளை மேசைமேல் அடித்தார். "உனக்கென்ன பைத்தியமா? ஸ்கூல் பிள்ளைங்க படிக்கிற புத்தகம்டி இது!"

"ஆமா. உங்க ஃபேக்டரி ஆளுங்க பிள்ளைங்களும் படிக்கும். அப்பாகிட்ட போய் அர்த்தம் கேக்கும்."

"உங்க சார் ஒத்துக்குவாரா?"

"படிச்சிட்டார். ஒரு கமாதான் மாத்தினார்."

"எடுத்துடு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"தப்பா இருந்தா எடுத்துடறேன். எத்தன தடவ சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தம்பி மாட்டிக் கொடுத்த ஃபேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ" என்றார். பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டுமே எட்டிய குரல்.

"இதப் போய் ஃபேக்டரில சொல்லுங்க. இப்பவே இந்த வரிய அடிச்சிடறேன்."

"என் வேலை போயிடும்."

"ஆபரேட்டருக்குப் போச்சே, அது என்ன பொம்மை வேலையா?"

அவள் காத்திருந்தாள். சீவிய பென்சிலை ஓரமாக வைத்தாள். பேனாவை எடுத்து, பக்கத்தின் மூலையில், அச்சுக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பிழை ஒண்ணும் இல்ல. அடுத்த சொல்லுக்குப் போங்க" என்றாள். "சத்தமா வாசிங்க. அன்னிக்கு வாசல்லேர்ந்து கத்தின மாதிரி."