கடைமடை நெட்

எங்கள் வீட்டு நெட்டுக்கு என் மேல் என்ன கோபமோ தெரியாது. மற்ற நேரமெல்லாம் ஊர்ந்தாவது வரும். ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் போதும், போய்விடும்.

கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிறேன். முன்னறையில் என் வீட்டுக்காரர் இளவழகன் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து, கல்யாண வீட்டாருக்கு நெட்டிலேயே அனுப்புகிறார். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து ஆளுக்கொரு ஒயர்.

முதலில் மெதுவாகத்தான் இருந்தது. கேபிள்காரர் வந்து பார்த்தார். பெட்டியை அணைத்தார், நான் போட்டுக் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்தார், மறுபடி போட்டார். அன்றைக்கு நெட் பறந்தது. அதற்கப்புறம்தான் அடியோடு போக ஆரம்பித்தது. ஒயரை மாற்றினோம். பெட்டியை இடம் மாற்றினோம். அணில் கடித்திருக்குமோ என்று மாடிவரை போய்ப் பார்த்தோம். இளவழகன் மேலும் எனக்குச் சந்தேகம்தான். தான் நெட்டில் எதையும் இழுப்பதில்லை என்றும், அனுப்ப மட்டும்தான் செய்வதாகவும் சத்தியம் செய்தார். நம்பினேன். கட்டிக்கொண்டவரை வேறென்ன செய்ய?

மேனேஜர் செந்தில்குமார் நல்ல மனிதர். அவருக்கே பொறுமை போய்விட்டது. திங்கட்கிழமை மீட்டிங்கிலும் நெட் போனால் சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலையை விட முடியாது. இந்த வீட்டை விட்டுப் போகவும் மனசில்லை.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். இளவழகன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். மாமனார் இளையபெருமாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனார். அவருக்கென்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மீட்டிங் ஆரம்பித்ததும் செந்தில்குமாரின் முகம் அப்படியே நின்றது. குரல் துண்டு துண்டாக வந்தது. "ஐயோ, இழுக்குதே" என்று நான் சலித்துக்கொண்டதுதான் தாமதம், நெட் அடியோடு போயிற்று. கோபம் தலைக்கேறக் கூடத்துக்கு ஓடினேன்.

மாமா பெட்டியின் சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றிருந்தார். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"என்ன மாமா பண்றீங்க?"

"கட்டி விடுறேம்மா. கடைமடைக்குத் தண்ணி தானா எப்ப வந்திருக்கு? அடைச்சு வெச்சு, மட்டம் ஏறினப்புறம் திறந்தாத்தான் கடைசி வயல் வரைக்கும் பாயும். கேபிள்காரத் தம்பியும் அப்படித்தானே செஞ்சுச்சு."

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் இங்கே அப்படித்தான் செய்வார்கள். என் பின்னறைதான் அவருக்குக் கடைமடை. என் சலிப்புச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் மனிதர் ஓடிவந்து பெட்டியை அடைத்திருக்கிறார். கத்தத்தான் போனேன்.

"நீ சென்னைக்குப் போயிடக் கூடாதேன்னுதாம்மா" என்றார்.

சாப்பாட்டிலிருந்து அவர் பாதியில் எழுந்துபோனது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெட் தண்ணீரைப் போலத் தேங்காது, அடைத்தால் மீட்டிங்கே அறுந்துவிடும் என்று மட்டும் சொல்லி, சுவிட்சைப் போட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அதுக்கு முன்னாடி இழுத்துச்சே, அது ஏன்? மேல்மடையில யாரு திறந்து வெச்சிருக்கா?" என்று கேட்டார்.

இருவரும் முன்னறையைப் பார்த்தோம். இளவழகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நன்னிலத்துக் கல்யாணம் ஒன்றை மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மொத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தார். மாமா மகனுடைய ஒயரைப் பெட்டியிலிருந்து உருவிவிட்டார்.

விளக்குகள் பச்சைக்கு வரும்வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி உள்ளே போனபோது செந்தில்குமாரின் முகம் கண்ணாடியாகத் தெரிந்தது. கடுகடுவென்று இருந்ததும் தெரிந்தது. மாமனார் நெட்டைக் கட்டி விட்ட கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆனாலும், "இனிமே போகாதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா வானதி?" என்று கேட்டார்.

கதவு வழியே கூடத்தைப் பார்த்தேன். மாமா பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒயரைக் கேட்டு வந்த மகனை, வானதி முறை முடியட்டும் என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"போகாது சார். காவலுக்கு ஆள் இருக்காங்க."

அப்படியென்றால் அங்கேயே இருங்கள் என்றார் செந்தில்குமார்.

மீட்டிங் முடிந்து வெளியே வந்தேன். மாமா இன்னும் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நெட் போகாதுன்னு சொன்னியே, கேட்டுச்சு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "நீ?" என்றார்.

"நானும் போகலை மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, மகனுடைய ஒயரைப் பெட்டியில் செருகினார்.