பதினேழாம் எண் ஃபிலிம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண் போனில், "நான் அதைப் பாத்திருக்கவே கூடாது" என்றாள். மாம்பழச்சாலையில் இறங்கிப் போய்விட்டாள். மீதி என் கைச்சரக்கு.

நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். பழக்க தோஷத்தில் இப்படித் தொடங்கினேன்: 'கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அவள் கணவன்...'

வேண்டாம். அந்த வாரம் ஊரெல்லாம் போர் வருமா என்றே பேச்சு.

2

அவளுக்கு வள்ளிக்கண்ணு என்று பெயர் வைத்தேன். நாற்பத்தாறு வயது. மன்னார்புரம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் விஞ்ஞானி. இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே ஃபிலிமில் பார்த்துச் சொல்வாள். ஆயுத வேலை எதையும் தொடமாட்டேன் என்று சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்தவள். பன்னிரண்டு வருஷமாக ஆயுத ஃபிலிம்களை, கூட வேலை பார்க்கும் ஆசீர்தான் பார்க்கிறான்.

[இருவருக்கும் காதல் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் போர்ப் பேச்சு வந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டில் அவள் மேஜைக்கு யாருமே வருவதில்லை. ஆசீர்கூட.]

3

ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைக்குமுன், அது எந்த வேலையுடையது என்று ஓரத்து எண்ணைப் படிக்க வேண்டும். அன்று போனில் செய்தி பார்த்துக்கொண்டே வைத்துவிட்டாள். எண்ணைப் படிப்பதற்குள் கண் விரிசலைப் பார்த்துவிட்டது. முடி மாதிரி, மெல்லிசாக. பிறகுதான் எண்: பதினேழு. பீரங்கிக் குண்டின் கூடு. 'சரி' என்று ஆசீர் கையெழுத்தே போட்டிருந்தான்.

"என்னங்க மேடம், எங்க குண்டு ஃபிலிமைத் தொட்டா கை சுட்டுடாதுங்களா?"

"கவர் மாறிடுச்சு, ஆசீர்."

"பாத்துட்டீங்களா?"

அவள் ஃபிலிமை விளக்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கு லாரிங்க. குடுத்துடுங்க."

4

சொன்னால், அதை ஒதுக்கிவிட்டு நல்ல குண்டாக அனுப்புவார்கள். அது விழுகிற இடத்தில் யாரோ சாவார்கள். சொல்லாவிட்டால் பீரங்கிக்குள்ளேயே வெடிக்கலாம். சுடுகிறவன் சாவான்.

முடிவு ஒன்று: சொல்கிறாள். ஆசீர் கண்கலங்கி, "மேடம், நீங்க மட்டும்..." அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ராஜினாமா எழுதி வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறுகிறாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் விரிசல் லாரியில் ஏறிவிடுகிறதே!

யாரையாவது கேட்கட்டும் என்று போனைக் கையில் கொடுத்தேன். பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கூப்பிட ஒருவரும் இல்லை. அப்படி ஒருவரையாவது நான் எழுதியிருக்கலாம். என் தப்பு.

5

மணி மூன்றேமுக்கால். ஆசீர் கை நீட்டி நிற்கிறான். வள்ளிக்கண்ணு ஃபிலிமை விடவில்லை.

நான் பேனாவை வைத்துவிடலாம், லாரி நிற்காது. அதனால் நீங்கள் எழுதுங்கள். அவளை எதைச் சொல்ல வைத்தாலும் சரி, சொன்ன பிறகு உடனே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அவள் கூட இருந்துவிட்டுப் போங்கள்.