நிறைந்தால்தான் கிளம்பும்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். டாக்சி வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள் காலை, எங்கள் கயெலிட்சாப் பேட்டையில் என் ஜன்னலுக்கு எதிரே, காலியான சாலையோரம் ஒரு பெண் விரலை மேலே நீட்டிக்கொண்டு நின்றாள். (விரல் மேலே என்றால் நகரத்துக்கு, கீழே என்றால் பக்கத்துப் பேட்டைக்கு. எங்கள் டாக்சி வேன்களை நிறுத்துவது இப்படித்தான்.) எதுவும் வராது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். தேநீர் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவளைக் காணோம். வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கன்யிஸ்வா நடந்தே போவதென்று முடிவு..." வேண்டாம். நடக்கிறவள் எதற்கு விரல் நீட்டுகிறாள்?

"மழை பிடித்துக்கொண்ட..." பெய்யவேயில்லை.

அப்படிப்பட்ட நாளில் வெளியே வர உயிர்போகிற காரணம் வேண்டும். ஆகவே அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு கொடுத்தேன். ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டிய முறை நேற்றே தவறிவிட்டது. இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் உயிர் தங்காது. எழுதியதும் எனக்கே கேவலமாக இருந்தது. பெயரைக்கூட நானே வைத்த, முன்பின் தெரியாத பெண்ணுக்கு நோய் கொடுக்க நான் யார்?

[அந்த வரிகளை அழித்துப் பார்த்தேன். அடுத்த வரியிலும் அவள் கால் வீங்கியே இருந்தது.]

3

வெள்ளை வேன் ஒன்று வந்து நிற்கிறது. [சாம்பல் நிறம் என்றுதான் எழுதியிருந்தேன்.]

"என்னண்ணே, ஊரே வண்டிய நிறுத்திட்டுப் படுத்துக் கெடக்கு, நீங்க மட்டும் ஓட்டுறீங்க? கல்லடி பட ஆசையா?"

"நம்ம வண்டி அவனுங்க கண்ணுல படாதுக்கா. ஏறு."

ஏறியவள் வழக்கப்படி எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சண்டைக்காரர்கள்கூட டாக்சிக்குள் வணக்கத்துக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். அப்புறம்தான் கவனித்தாள்: உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விரலை மேலே நீட்டியபடியே இருந்தார்கள், இன்னமும் சாலையோரம் நிற்பவர்களைப் போல. பக்கத்து ஆள் மதியத்துக்கு எடுத்துவந்த ரொட்டி அவர் மடியில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது.

"அண்ணே... கெளப்புங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நெறையாம எந்த டாக்சிக்கா கெளம்பிருக்கு? இன்னும் ஒரு ஆள் வரணும்."

4

முடிவுகளைப் பார்ப்போம். அவள் இறங்கி ஓடுகிறாள். அந்த வீங்கிய காலை வைத்துக்கொண்டு எங்கே ஓட? சரி, போராட்டக்காரர்கள் வந்து வண்டியை மறித்து... அவர்கள் கண்ணில்தான் படாதே.

நானே போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். பயந்து திரும்பிவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு வாய்தான் நீளம்.

வண்டி அங்கேயே நிற்கிறது. கன்யிஸ்வாவின் முகமும் ஊத ஆரம்பித்துவிட்டது. ஏறாமல் மிச்சமிருப்பது இதைப் படிக்கிற நீங்கள் மட்டும்தான். நீங்கள் ஏறினால் அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேருவாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஏறாவிட்டால் வண்டி நகராது.

அவள் ஓரமாக நகர்ந்து, இருக்கையைக் கையால் தட்டிவிடுகிறாள்.

"வாங்க, ஏறுங்க. நின்னு யோசிக்காதீங்க, எனக்கு மூச்சு வாங்குது."