ஆறாவது சிலிண்டருக்குத் தண்ணீர்

விட்லாக் கணவாய்க்கு ஏறும் சாலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோதுதான் மார்னி ஹாகன் வெப்ப முள்ளைக் கவனித்தாள். அது ஃபாரன்ஹீட்டில் இருநூற்றுப் பத்தைத் தாண்டியிருந்தது. முள் இன்னும் மேலே போகிறதா, இல்லை வண்டி குலுங்குவதால் அப்படித் தெரிகிறதா என்று புரியவில்லை. பக்கத்தில் இருந்த தம்பி டுவைட்டிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

பின்னால் இருந்த டிரெய்லரில் ஏழு கோவேறு கழுதைகள். வேட்டைக் காலம் முழுக்கக் கூடாரத்தையும் மூட்டைகளையும் காட்டுக்குள் சுமந்துபோய் இருவருக்கும் சோறு போடுபவை அவைதான். அவற்றுக்குப் பின்னால், பக்கக் கண்ணாடியில், மலைச்சரிவு முழுவதும் புகை. மதியம் இரண்டு மணிக்கே வானம் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இருந்தது. கீழ்ச்சாலையைக் காலையிலேயே தீ மூடிவிட்டது. பள்ளத்தாக்கை விட்டு வெளியேற மிஞ்சியிருந்தது இந்தக் கணவாய் மட்டுந்தான்.

"என்ன, பேசாம வர்ற?" என்றான் டுவைட்.

"ஹீட்டரப் போடு."

"ஹீட்டரா? ஆகஸ்ட்லயா?"

"முழுசா வை."

அவனும் முள்ளைப் பார்த்தான். குமிழைத் திருகினான். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ள மலைநாட்டில் எல்லோரும் செய்கிற வேலை இது. அனல் முகத்தில் அறைந்தது. வெளியே சாம்பல் பறந்ததால் கண்ணாடியை இறக்க வழியில்லை. இருவரும் அடுப்புக்குள் வைத்த ரொட்டிபோல வேகத் தொடங்கினார்கள். முள் அசையவில்லை. பிறகு அசைந்தது, மேலே.

"இருநூத்தி இருவது" என்றான் டுவைட்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்படி ஆகவே ஆகாது, மார்னி. தண்ணி ஓடறதுக்குன்னே நான் வேல பாத்திருக்கேன்."

அந்த வேலையை ஊரே அறியும். இந்த டீசல் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தண்ணீர் முன்னாலிருந்து வருகிறது. கடைசிச் சிலிண்டரைத் தொடும்போது அதன் ஓட்டம் தளர்ந்துவிடும். பாரம் இழுக்கும் வண்டிகளில் ஆறாவது சிலிண்டர்தான் முதலில் வேகும் என்பார்கள். போன ஜனவரியில் டுவைட் எஞ்சினின் பின்புறம் இருந்த அடைப்பைக் கழற்றி, அங்கிருந்து ஒரு ஹோஸை முன்பக்கம் வரை இழுத்துவந்து மாட்டினான். தேங்கி நிற்கும் சுடுதண்ணீருக்கு இனி ஒரு தனிவழி. பிறகு பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியில் வண்டியை ஓட்டிக் காட்டினான். முள் நடுவிலேயே நின்றது. தீவனக்கடைக் காப்பி மேசையில் எல்லோரும் முதுகைத் தட்டினார்கள். ஜனவரியில் அந்த ஊரில் எந்த எஞ்சினும் சூடாகாது, கொல்லன் உலையில் வைத்தால்தான் உண்டு என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மார்னியும் யோசிக்கவில்லை. அதன்பிறகு முழுப் பாரத்தோடு வண்டி இந்த மலையை ஏறியதே இல்லை.

இருநூற்று முப்பத்தைந்து. எஞ்சின் இழுக்கத் திணறியது. நசுங்கிய குரலில் ஒரு கழுதை பின்னாலிருந்து கத்தியது. அதைக் கேட்டு மற்றவை டிரெய்லர் பலகையை உதைத்தன.

"நிறுத்து, மார்னி! ஹெட் கேஸ்கட் போச்சுன்னா இங்கயேதான் கெடக்கணும்!"

அடுத்த வளைவில் கொஞ்சம் அகலமான ஓரம் இருந்தது. அவள் வண்டியை ஒதுக்கினாள். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. கதவைத் திறந்ததும் தீயின் சத்தம் காதில் விழுந்தது. தொலைவில் ஒரு ரயில் வருவதுபோல இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் தண்டவாளமே கிடையாது.

டுவைட் ஓடிப்போய் முன்பக்கத்து வலையில் படிந்திருந்த சாம்பலைக் கையால் வழித்தான். "சாம்பல்தான் அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றவன் பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியை நோக்கிக் கை போனது. மார்னி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"மூஞ்சி வெந்துபோகும்டா, மடையா!"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? சொல்லேன், நீயே சொல்லேன்!"

அவன் கண்கள் மாறி மாறிச் சரிவையும் டிரெய்லரையும் பார்த்தன. கருவிப் பெட்டியிலிருந்து ஆரஞ்சு நிறப் பெயின்ட் டப்பாவை எடுத்தான். அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். தீ நெருங்கும்போது, கொண்டுபோக முடியாத குதிரையின் விலாவில் போன் நம்பரை எழுதிக் கதவைத் திறந்துவிடுவது அங்கே வழக்கம். சில திரும்பி வரும். வராதவற்றைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

"டிரெய்லரக் கழட்டி விட்டுட்டா வண்டி தானா ஏறும்" என்றான். பிறகு குரல் உடைந்தது. "அக்கா, நேரமில்ல."

பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அதுதான் அவளைத் தீயைவிட அதிகம் பயமுறுத்தியது. ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். இங்கே திறந்துவிட்டால் அந்த ஏழும் சாலையோடு கீழேதான் ஓடும். கீழே தீ.

திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்தாள். எதையாவது பிடித்துக்கொள்ள ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் கையை ஊன்றினாள். ஊன்றிய பிறகுதான் கை சுட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. சுடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்போல வெதுவெதுப்பாக இருந்தது. மேலே தொட்டாள், சுரீரென்றது. மறுபடி கீழே. வெதுவெதுப்பு.

"டுவைட், இங்க கைய வை."

"இப்ப என்ன வெளையாட்டு..."

"வைடா!"

வைத்தான். அவன் முகம் மாறியது.

"தண்ணி இதுக்குள்ள வரவே இல்ல" என்றாள். "உன் ஹோஸ் முன்னால எதுல போய்ச் சேருது? மேல் குழாய்லயா, கீழ்க் குழாய்லயா?"

அவன் குனிந்து ஹோஸ் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தான். "கீழ்க் குழாய்ல ஒரு வாய் சும்மாதான் இருந்துச்சு. துளை போடாம மாட்டிரலாம்னு..."

கீழ்க் குழாய் எஞ்சினுக்குத் திரும்பிப் போகிற குழாய். பின்னாலிருந்து வந்த சுடுதண்ணீர் ரேடியேட்டர் வாசலையே மிதிக்காமல் சுற்றிச் சுற்றி எஞ்சினுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஓட்டம் கூடியிருந்தது, அவன் சொன்னபடியே. குளிர்ச்சி மட்டும் இல்லை.

"குறடு எங்க? பூட்டிக்கிற குறடு?"

அவன் இரண்டை எடுத்துவந்தான். சாம்பல் கண்ணில் விழுந்தது. எரிந்துகொண்டே வந்த ஒரு பைன் ஊசிக் கொத்து சாலையில் விழுந்து சுருண்டது. மார்னி சட்டைக் கையை இழுத்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு ஹோஸை மடித்துப் பிடித்தாள். ரப்பர் துணியைத் தாண்டிச் சுட்டது. டுவைட் குறட்டை அதன்மேல் கவ்வவைத்துப் பூட்டினான். முதல்முறை வழுக்கியது.

"மெதுவா. மெதுவாப் பண்ணு."

"தீ வருது, மெதுவாவாம்!"

இரண்டாவது முறை பிடித்தது. பக்கத்திலேயே இன்னொரு குறடு. ஹோஸ் நடுவில் நசுங்கித் தட்டையானது. அவள் ரேடியேட்டரின் கீழே கை வைத்துக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் தீயின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு மெல்ல, உள்ளே யாரோ விளக்கேற்றியதுபோல, உலோகம் சூடேறியது. கையை எடுத்தாக வேண்டியிருந்தது.

"ஏறு" என்றாள்.

முதல் கியரில் நகர்ந்தார்கள். முள் இருநூற்று நாற்பதில் நின்றது. டுவைட் வாய்விட்டு எண்களைப் படிக்கத் தொடங்கினான். அவள் வாயை மூடச் சொன்னாள். பக்கக் கண்ணாடியில், அவர்கள் நின்ற ஓரத்துக்குக் கீழிருந்த வளைவில், ஒரு பைன் மரம் அடி முதல் நுனிவரை ஒரே மூச்சில் பற்றியது. தீ சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. இனி திரும்ப வழியில்லை. முள் இருநூற்று முப்பதுக்கு இறங்கியது. இறங்குகிறதா, வண்டி குலுங்குவதால் அப்படித் தெரிகிறதா என்று புரியாமல் அவள் அதை நம்ப மறுத்தாள். இருநூற்றிருபது வந்தபோதும் நம்பவில்லை.

உச்சியில் தன்னார்வத் தீயணைப்பு வண்டி ஒன்று குறுக்கே நின்றிருந்தது. எல்ட்ரிட்ஜ், தீவனக்கடைக்காரன், மஞ்சள் சட்டையும் கரிபிடித்த முகமுமாக ஓடிவந்தான். கழுதைகளை எண்ணினான், இருவரையும் பார்த்தான்.

"டுவைட்டோட வண்டி மேல வந்துருச்சா! அந்த ஹோஸ் வேல செய்யுதுன்னு சொல்லு!"

டுவைட் சிரிக்க முயன்றான். முடியவில்லை. தலை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டிய அணைம்மா" என்றான் எல்ட்ரிட்ஜ். "இங்க ஆபத்தில்ல. ஆசுவாசப்படுத்திக்கங்க. தண்ணி குடிங்க."

மார்னியின் கை சாவிமேல் இருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்பாமல் போனால்? காற்று இந்தப் பக்கம் திரும்பினால்?

"இல்ல, ஓடட்டும்" என்றாள்.

எல்ட்ரிட்ஜ் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.