தோள் வளைவின் கனம்

அமெரிக்காவின் டல்சா நகரில் அந்த ஜனவரிக் குளிர் ஆளைத் தின்றது. தொழிற்கூடத்தின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்துபோனதால், உயர் அழுத்தம் தாங்க வேண்டிய புது இரும்புக் கலத்தைத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வழியில்லை. காற்றை ஏற்றிச் சோதித்துக்கொள்ளலாம் என்று முந்தின நாள் சம்மதம் கொடுத்தவள் அங்கே இன்ஜினியராக இருந்த வெர்னா. தண்ணீர் நிரம்பிய கலம் கிழிந்தால் தரைதான் நனையும். காற்று அப்படியில்லை, அது அடைத்து வைத்த கோபம். அவளுக்கு இது தெரியாததல்ல. வாடிக்கையாளரின் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

கலத்தின் இரு முனைகளையும் அடைக்கும் கிண்ணம் போன்ற மூடிகளை வடிவமைத்தவளும் அவளே. ஃபோர்மேன் லீலண்ட் ஹாஸ்டிக்கு அவற்றை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. தகடு இன்னும் கனமாக இருக்கட்டும் என்றான். வெர்னா விடுவாளா? எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டி, எல்லோர் முன்னாலும் அவன் வாயை அடைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் கணக்குப் புலி. சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறந்தாலே, புலி பீன்ஸை எண்ணிவிட்டுத்தான் தின்னும் என்பான் லீலண்ட். அங்கே வெல்டராக இருந்த அவள் கணவன் ராய்ஸும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

சோதனை நாள் காலையில், வந்திறங்கிய மூடிகளின் கனத்தை எந்த இடத்தில் அளந்தாய் என்று ஓரினிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். தரம் பார்ப்பவன் அவன். நட்ட நடு உச்சியில்தான், அங்கேதான் கருவி ஒழுங்காக உட்காருகிறது, வளைவில் வழுக்குகிறது என்றான் சாவதானமாக. தட்டைத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தும்போது உச்சி அவ்வளவாக மாறாது. பக்கத்துக்குத் திரும்பும் தோள் வளைவுதான் இழுபட்டு மெலியும், தட்டில் அழுத்திப் பரப்பிய மாவு மூலையில் மெலிவதைப் போல. அழுத்தம் வந்து கடிப்பதும் அங்கேதான். அந்தத் தோளில் குறைந்தது இவ்வளவு கனம் மிஞ்ச வேண்டும் என்று வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். மிஞ்சியதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கூடத்துக்கு ஓடினாள். காற்று ஏறிக்கொண்டிருந்தது. ராய்ஸ் கலத்தின் முனையில் மண்டியிட்டு, வெல்டின் மேல் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அழுத்தத்தை ஓரளவு இறக்கிய பிறகே கிட்டே போக வேண்டும் என்பது விதி. ஏறும்போதே தடவி வேலையை முடிப்பது அந்தக் கூடத்தின் வழக்கம்.

"லீலண்ட், காத்தை இறக்கு. மூடியை மறுபடி அளக்கணும்."

"எதுக்கு? மீட்டர் முள்ளு நல்லாத்தானே ஏறுது." லீலண்ட் கையைக் கட்டிக்கொண்டான். சுற்றிலும் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். "ஒண்ணு பண்ணு புலி. உன் கணக்கு தப்புன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே இறக்கிடறேன்."

"கணக்கு தப்பில்ல. தகடுதான்..."

"அப்போ தாங்கும். நீதானே சொன்ன."

ராய்ஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். "விடு வெர்னா, முடியப்போவுது. குளிர்ல காது கழண்டு விழுது எனக்கு."

சொல்லியிருக்கலாம். பொய்தான், சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ஆனால் அந்த நாலு முகங்களிலும் சிரிப்பு தயாராக நின்றது. கருவியைக் கொண்டுவந்து மூடியின் தோளில் வைத்து, எண்ணைக் காட்டியே இவன் மூக்கை உடைக்கிறேன் என்று நினைத்தாள். இருங்கள், வருகிறேன் என்று சொல்லி அலுவலகத்துக்கு நடந்தாள். ஓடக்கூட இல்லை. ஓடினால் பயந்தது போலத் தெரியும்.

கருவியைக் கையில் எடுத்தபோது கட்டடம் குலுங்கியது. தோள் வளைவில் கிழிந்த மூடி எதிர்ச்சுவரைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ராய்ஸ் கிடந்த பக்கம் அவளைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவன் சவப்பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். அவள் எதிரே உட்கார்ந்து தணிவாகப் பேசினார். கையில் கட்டுடன் லீலண்ட் மூலையில் தலைகுனிந்திருந்தான்.

"உங்க கணக்கை வரிவரியா பார்த்துட்டேம்மா. ஒரு தப்பும் இல்ல. நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

"தப்புங்க," என்றாள் வெர்னா. லீலண்ட் பக்கம் திரும்பி, சத்தமாக, இன்னொரு தரம் சொன்னாள். "என் கணக்கு தப்பு."

அவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.