போனுக்குள் ஒரு பழைய கொம்பியூட்டர்

இராயப்புவுக்கு யாரையும் நம்ப வராது. தன் கையால் போட்ட முடிச்சையே இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற மனுசன். அப்பேர்ப்பட்டவர் ஒரு கைப்போனை, அதுவும் சிங்கராசாவின் மருமகளுடைய கைப்போனை நம்பி உட்கார வேண்டி வந்ததென்றால் வயிறு எப்படி எரிந்திருக்கும், சொல்லுங்கள்!

விசயம் இதுதான். கரைவலை இழுக்கிற கடற்கரைத் துண்டைப் பாடு என்பார்கள். ஏழாம் இலக்கப் பாடு இராயப்புவின் தகப்பன் சவிரியான் காலத்திலிருந்து அவர்களுடையது. 2007இல் இராயப்பு சண்டைக்குப் பயந்து குடும்பத்தோடு வள்ளமேறி, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனார். ஏழு வருசம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், அங்கே சிங்கராசா வலை வளைத்துக்கொண்டு நிற்கிறார். "உன்ர எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். கடுதாசியெல்லாம் இடம்பெயர்வில் தொலைந்து போயிருந்தது. விசாரணை நாளைக்கு, மன்னார் மீன்பிடி அலுவலகத்தில்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. மீனவர் சங்கத்தின் பழைய செயலாளர் எட்வேட், எந்தப் பாடு யாருக்கு என்பதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றி ஒரு பென்ரைவில் வைத்துவிட்டுச் செத்துப்போயிருந்தார். மனைவி அன்ரோனெற் அதை அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தா. ஆனால் பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரும் திறக்கவில்லை, மன்னார் ரவுண் கடைக் கொம்பியூட்டரும் திறக்கவில்லை. எல்லாம் புதுசு, எட்வேட் பாவித்த புரோகிராமோ அரதப் பழசு. சந்தியில் போன் திருத்துகிற ஜெனிஸ்ராதான், "என்ர போனுக்குள்ள பழைய வின்டோஸை ஓட விட்டுத் திறக்கலாம் அங்கிள்" என்றாள். அவள் சிங்கராசாவின் மூத்த மகனைக் கட்டியவள். மாமனாருக்கு எதிராக ஏன் வலிய வருகிறாள்? அந்தக் கேள்வி இராயப்புவை விடவில்லை.

அன்ரோனெற்றின் வீட்டில், பூச்சுப் பூசாத சுவரோரம், ஜெனிஸ்ரா கதிரையில் போனை வைத்து வயரால் பென்ரைவைக் கொழுவினாள்.

"முதல்ல போனில ஒரு கொப்பி எடுத்து வைப்பம் அங்கிள். பழைய சாமான், பழுதாப்போனாலும்..."

"கொப்பியும் வேண்டாம், கோதாரியும் வேண்டாம்! அதிலயே வைச்சுத் திற. உன்ர போனில ஒரு எழுத்தும் தங்கக் கூடாது."

"இராயப்பு, பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றா அன்ரோனெற். அவரா கேட்பார்?

போன் கறுத்தது. வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு கொம்பியூட்டரில் வருகிற அதே நீலத் திரை, உள்ளங்கை அகலத்தில், எறும்பளவு அம்புக்குறியோடு வந்து நின்றது. மணிக்கூடு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. இராயப்பு அவள் தோளுக்கு மேலால் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனிஸ்ரா திகதி இருக்கிற இடத்தைத் தொட்டாள். 2014 மாறி 2006 ஆனது. அடுத்த தொடுகையில் பொடிப்பொடி எழுத்தில் ஏதோ விரிந்தது; இராயப்புவின் கண்ணுக்குத் திகதி மட்டுந்தான் தெரிந்தது.

பிடிபட்டாள் கள்ளி! பழைய திகதி போட்டுச் சிங்கராசாவின் பெயரை எழுதப்போகிறாள்! சண்டைக்காலத்தில் போன் என்றால் அவருக்குப் பயம். நிற்பாட்டினாலும் யாரோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று, கதைத்து முடித்த கையோடு பற்றறியைக் கழற்றிவிடுவார். அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. ஒரே பாய்ச்சலில் போனைப் பறித்து, முதுகு மூடியை நகத்தால் கிளப்பி, பற்றறியை இழுத்தெடுத்துவிட்டார்.

"ஐயோ அங்கிள்!"

ஜெனிஸ்ரா திரும்பப் போட்டுப் பார்த்தாள். மூன்று தரம் பார்த்தாள். பென்ரைவ் வெறுமையாகக் கிடந்தது.

"எட்வேட் அங்கிள் காசு கட்டாத புரோகிராம் பாவிச்சவர். தவணை முடிஞ்சால் திறக்காது. அதாலதான் திகதியைப் பின்னுக்கு விட்டனான். திறக்கேக்க அது பென்ரைவில எழுதிக்கொண்டிருந்தது, நீங்கள் இழுத்துப்போட்டீங்கள்." அவள் வெறும் திரையைக் காட்டினாள். "லிஸ்ட் வந்தது. கண்ணால கண்டனான். ஏழாம் இலக்கம், சவிரியான். நாளைக்குக் கந்தோருக்கு வந்து சாட்சி சொல்லுறன்."

"உன்னை ஆர் அனுப்பினது?" என்றார் இராயப்பு.

அவள் வயரைக் கழற்றினாள். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கந்தோரில் சிங்கராசா சட்டைப்பையில் பேனையோடு வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஜெனிஸ்ரா வந்தாள். காலியிடம் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது, உட்கார்ந்தாள். இராயப்பு அதைக் கண்டார், அவ்வளவுதான். இரண்டும் பேசிவைத்து வந்திருக்குதுகள்! வாயைத் திறந்தால் வேறு பெயர் சொல்லுவாள், இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விடும்.

"எழுத்தில ஒண்டும் இல்லையெண்டால், கண்ட சாட்சி இருந்தாலும் பதியலாம்" என்றார் உத்தியோகத்தர். "இந்தப் பிள்ளை உங்கட சாட்சியோ?"

ஜெனிஸ்ரா எழும்பி நின்றாள்.

"இல்லை ஐயா. அவ அந்த வீட்டு ஆள். எனக்குச் சாட்சி இல்லை" என்றார் இராயப்பு.

உத்தியோகத்தர் அதை அப்படியே எழுதினார். இராயப்பு கையெழுத்து வைத்தார். ஜெனிஸ்ரா வெளியே போனாள். சிங்கராசா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது ஏனென்று இராயப்புவுக்கு விளங்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டார். அன்ரோனெற் ஜெனிஸ்ராவின் சின்ன மகளைத் தூக்கி வைத்திருந்தா. காலடியில் இரண்டு உடுப்புப் பைகள், ஒரு பாய்.

"எங்க பிள்ளை போறாய்?" என்றார்.

"நானாட்டானுக்கு, அம்மா வீட்ட." அவள் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாட்சி சொல்லப்போறன் எண்டு நேற்று மாமாவிட்டச் சொன்னனான். விடிய வீட்டை விட்டு வெளிய போகச் சொல்லிப்போட்டார். என்ர மனுசனும் வாயே திறக்கேல்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு ஏலாது. நீங்களே என்ர சாட்சி வேண்டாம் எண்டிட்டீங்கள்."

இராயப்புவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. திரும்பிக் கந்தோருக்கு ஓடினார். மூச்சிரைக்க, "ஐயா, அவதான் என்ர சாட்சி, அவதான்" என்றார்.

உத்தியோகத்தர் விசாரணைக் கோவையைத் திருப்பிக் காட்டினார். சாட்சி இல்லை என்ற வரிக்குக் கீழே, கோணல்மாணலாக, இராயப்புவின் கையெழுத்து இருந்தது.