இரண்டாம் வரியில் ஒரு குரல்

"நீ போகாத," என்றாள் மனைவி ஜிக்ரிட். "போன வாரம் நீ வாசிச்சப்ப அவன் வந்தானா?"

"அவன் எதுக்கு வரணும்? அவனுக்கு என்ன பயம்?" கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான் ஹார்ட்மூட்.

"அப்ப உனக்குப் பயம்னு ஒத்துக்கற."

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

வெர்ரா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் புதிதாக ஓர் ஆர்கன் கலைஞர் தேவைப்பட்டார். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஆளுக்கொரு ஞாயிறு ஆராதனையில் வாசித்துக் காட்ட வேண்டும். ஹார்ட்மூட் சென்ற ஞாயிறு ஒரு பிசிறில்லாமல் வாசித்துவிட்டான். இன்று லோரென்ஸின் முறை.

இருவரும் இசைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அதன் பிறகு ஹார்ட்மூட், குளிர்காலத்தில் இருமும் ஒரு கிழட்டு ஆர்கனோடு, சிற்றூர்ப் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தான். லோரென்ஸின் படைப்புகளோ அச்சேறின. தாளில் எழுதாமல் அந்தக் கணத்திலேயே இசை புனையும் வித்தையை அவன் கற்றுக்கொடுத்தான். அவன் வகுப்புக்கு ஜப்பானிலிருந்துகூட மாணவர்கள் வந்தார்கள். இவ்வளவும் இருப்பவன் இந்த ஊர் வேலைக்கும் ஏன் கை நீட்டுகிறான்? ஹார்ட்மூடுக்கு விடை தெரியும். இந்தத் தேவாலயத்தின் ஆர்கனை ஒரு தடவை தொட்டவன் வேறெதையும் கேட்கமாட்டான். அதனால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. முதல் நாளே போதகர் டோர்ட்டே இருவரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்: "எங்களுக்கு மேதை வேணாம். இந்த ஊர் ஆளுங்க வாயைத் திறக்கவே யோசிப்பாங்க. அவங்களைப் பாட வைக்கிற ஆள்தான் வேணும்."

கடைசிக்கு முந்தைய பெஞ்சில், தூணை ஒட்டி உட்கார்ந்தான் ஹார்ட்மூட். ஆர்கன் பின்னால் மாடத்தில் இருந்தது. லோரென்ஸ் கண்ணில் படவில்லை என்பதே ஒரு நிம்மதி.

பலகையில் இருந்த பாட்டு எண்ணைப் பார்த்து எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். முன்னிசை தொடங்கியது. பாட்டின் மெட்டை லேசாகக் காட்டி, ஓர் இடத்தில் முடித்து, ஒரு மூச்சு விட வேண்டும். அந்த மூச்சில்தான் சபை பாடத் தொடங்கும். இது எந்த ஊர் ஆர்கன் கலைஞருக்கும் தெரிந்த சங்கதி.

லோரென்ஸ் முடிக்கவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு, கதவே இல்லாத வீட்டில் நடப்பவனைப் போலப் போய்க்கொண்டிருந்தான். மெட்டு மேலே கேட்டது, நடுவில் ஒளிந்தது, காணாமல் போனது. பிறகு காலால் மிதிக்கும் கட்டைகளில், ஆழத்தில், பாட்டின் முதல் வரி கனமாக நகர்ந்தது.

ஹார்ட்மூட் திடுக்கிட்டான். இது முன்னிசை இல்லை. பாட்டே தொடங்கிவிட்டது.

யாரும் பாடவில்லை. பக்கத்து அம்மாள் வாயைப் பாதி திறந்து மூடிக்கொண்டாள். முன் பெஞ்சில், தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். போதகர் திரும்பி மாடத்தைப் பார்த்தார்.

லோரென்ஸின் கதை முடிந்தது, என்று நினைத்தான் ஹார்ட்மூட். கல்லூரி நாட்களிலிருந்து காத்திருந்த தருணம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், ஆர்கன் தனக்குத்தான்.

இரண்டாம் வரி வந்தது. அடியில் மெட்டு ஒரு படி இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்றது. அதன் மேல் ஆர்கனின் மற்ற குரல்கள் எல்லாம் சாய்ந்து, ஆற்றில் பனி விலகுவதைப் போல, வேறொரு சுருதியில் திறந்தன. இந்தப் பாட்டை எத்தனையோ ஞாயிறு வாசித்தவன் அவன். இப்படி ஒரு வழி இருப்பது அவனுக்குத் தெரியாது.

யாரோ பாடினார்கள். பெரிய, பழகிய அடிக்குரல். அது தன்னுடையது என்று உணர்ந்தபோது பாதி வரி போய்விட்டிருந்தது. பக்கத்து அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த வரிசை, பிறகு முன் வரிசை. மூன்றாம் வரியில் கூரை அதிர்ந்தது.

ஆராதனை முடிந்து காபி ஊற்றினார்கள். லோரென்ஸ் தட்டில் ஒரு துண்டு கேக்கோடு நேராக வந்தான்.

"டேய், அது நீதானே? உன் தொண்டையை எங்க கேட்டாலும் தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "நான் நிறுத்தவே மறந்துட்டேன்டா. கை அது பாட்டுக்குப் போயிடுச்சு. நீ இல்லேன்னா மானம் போயிருக்கும்."

போதகர் வந்து சேர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "எங்க ஆளுங்க இப்படிப் பாடி நான் கேட்டதே இல்ல. நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சீங்க, இல்லையா ஹார்ட்மூட்?"

"ஆரம்பிக்க வேண்டிய இடம் தெளிவா இல்ல," என்றான் ஹார்ட்மூட். அது உண்மைதான். ஆனாலும் தோற்கப்போகிறவனின் பொருமலாகவே அது ஒலித்தது. அவன் காதுக்கே அப்படித்தான் கேட்டது.

போதகர் கனிவாகச் சிரித்தார். "தெளிவா இல்லேன்னா நீங்க எப்படிப் பாடினீங்க?"

லோரென்ஸ் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருந்துச்சு," என்றான் ஹார்ட்மூட். "அதான்."

போதகர் தலையசைத்துக் குழுவினரிடம் போனார். லோரென்ஸ்தான் என்ற முடிவு அங்கே எழுதப்படுவதை அவரது முதுகே சொன்னது.

ஹார்ட்மூட் கோட்டுப் பொத்தானைப் போட்டான், கழற்றினான். கேட்காமல் போக முடியவில்லை.

"இரண்டாம் வரியில இறங்காம நின்னியே. அதுக்கு மேல என்ன சுரம் வச்ச?"

லோரென்ஸ் மென்றுகொண்டே யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"எங்க நின்னேன்?" என்றான். "ஞாபகமே இல்லையேடா."